அரச மண்டபமும் ஆலயமும்

கண்டி மாநகரிலே, தலதா மாளிகையின் அருகே, செங்கல்லாற் கட்டப்பெற்ற தேவாலயம் ஒன்று நிற்கிறது. தூய பவுல் ஆலயம் என்பது அதன் பெயர். கூர்நுனி வளைவுகளும் சதுரக் கோபுரமும் கொண்ட அதனைக் காண்போர், இங்கிலாந்துச் சிற்றூரொன்றிலிருந்து பெயர்த்தெடுத்து வந்து இங்கே வைத்தனரோ என எண்ணுவர். அதே நகரில், திரித்துவக் கல்லூரி வளவினுள்ளே மற்றோர் ஆலயம் உண்டு. பக்கங்கள் திறந்தவை, கற்றூண்களின்மேல் கண்டிய முறைப்படி அமைந்த ஓட்டுக்கூரை. இரண்டும் அங்கிலிக்கன் திருச்சபைக்குரியவை. ஒரே வழிபாட்டிற்கு இருவேறு உருவங்கள் அமைந்தது எங்ஙனம்?

இதனை அறிய, ஆலயம் எதற்கென எழுந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும். நம்மவர் கோயிலிலே கருவறை இறைவனுக்குரியது. அடியார் அதற்கு வெளியே நின்று தொழுவர். பழைய உரோமரின் கோயில்களும் ஏறத்தாழ அத்தகையனவே. கிறித்தவரின் வழிபாடோ, சபையார் ஒருங்குகூடி மறைநூலைக் கேட்டு, அப்பத்தையும் இரசத்தையும் பகிர்ந்துகொள்வது. ஆதலால், கூட்டத்தை உள்ளே கொள்ளும் இடம் வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அவர்கள் வீடுகளிற் கூடினர். நான்காம் நூற்றாண்டிலே கொன்ஸ்தந்தீன் பேரரசன் காலத்தில் தடை நீங்கியபின், பெரிய ஆலயங்கள் எழுப்ப முற்பட்டபோது, அவர்கள் மாதிரியாகக் கொண்டது உரோமரின் கோயிலையன்று. 'பசிலிக்கா' எனப்பட்ட பொது மண்டபத்தையே. வழக்கு விசாரணையும் வாணிகமும் நடந்த நீண்ட கூடம் அது. நீதிபதி அமர்ந்த கோடியில் பலிபீடம் இடம்பெற்றது. தூண்வரிசைகளுக்கிடையே மக்கள் நின்றனர்.

சபையார் கூடும் அந்நடுக்கூடத்திற்கு மேனாட்டார் இட்ட பெயர், கப்பல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பேராலயம் என்பதோ பருமனால் வரும் பெயரன்று. ஆயரின் இருக்கை எங்குளதோ அதுவே பேராலயம். அவ்விருக்கையைக் குறிக்கும் 'கதேட்ரா' என்ற கிரேக்கச் சொல்லே 'கதீட்ரல்' ஆயிற்று. கண்டியில் அப்பெயர்க்கு உரியது, 1886இல் உருவான கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தூய அந்தோனியார் பேராலயமே. அதனினும் பெரிய கோயில் எங்கேனும் இருப்பினும், இருக்கை இல்லையேல் அது பேராலயம் ஆகாது.

கூர்நுனி வளைவு பிற்காலத்தது. கூரையின் பாரத்தைத் தூண்களுக்கும் வெளியே நிற்கும் உதைசுவர்களுக்கும் அது பகிர்ந்தளித்தது. அதனாற் சுவரை மெலிவித்து அகன்ற சாளரங்களை அமைக்க முடிந்தது. வெயில் அரிதான வடநாடுகளில் ஒளி பெருஞ்செல்வமன்றோ! வண்ணக் கண்ணாடி வழியே வந்த அவ்வொளி, எழுத்தறியாதார்க்கு மறைநூற் கதைகளைப் படமாகக் காட்டிற்று. கண்டியின் தேவை வேறு. இங்கே வேண்டுவன நிழலும் காற்றும், மழைச்சாரலைத் தடுக்கும் தாழ்ந்த இறவாரமுமே.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. அதற்கான உடன்படிக்கை ஒப்பமிடப்பெற்ற இடம் 'மகுல் மடுவ' என்னும் அரச மண்டபம். சித்திரவேலை செறிந்த மரத்தூண்கள் நிரையாக நிற்கும் திறந்த கூடம் அது. தமக்கெனக் கோயில் இல்லாத ஆங்கிலேயர், பின்னர் அம்மண்டபத்திலேயே வழிபாடு நடத்தினர். 1825இல் கண்டிக்கு வந்த கல்கத்தா அத்தியட்சர் ஹீபரும் அங்கே வழிபாடு நிகழ்த்தினார். தமக்கு ஏற்ற கூடம் காலடியிலேயே இருந்ததை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. 1843இல் தூய பவுல் ஆலயத்தின் வேலை தொடங்கிற்று. 1846இல் அது வழிபாட்டிற்கு வந்தது. படையினரும் அதிகாரிகளும் தாயகத்தை நினைந்து கட்டிய கோயில் அது. பௌத்தர் போற்றும் மாளிகையின் அயலிலேயே அதனை நிறுவியதில் ஆள்வோரின் மிடுக்கும் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் வேலைப்பாட்டின் செம்மையைக் குறைகூற இயலாது.

திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை இருந்த ஏ. ஜி. பிரேசர், மாணவர் தம் நாட்டிற்கு அந்நியராதல் கூடாதென்ற கொள்கையுடையவர். கல்லூரிக்கு ஆலயம் வேண்டியபோது, துணை அதிபர் எல். ஜே. காஸ்டர் அரச மண்டபத்தையே மாதிரியாகக் கொண்டு வரைபடம் ஆக்கினார். 1923இல் அடிக்கல் இடப்பெற்றது. அபிடேகம் நிகழ்ந்ததோ 1935இல். அத்துணைக் காலம் சென்றது. தூண்களுக்கான பாறை அருப்பொலையில் வெட்டப்பட்டது. மரத்திற் செதுக்கிய சித்திரவேலையை இங்கே கருங்கல்லிற் செதுக்க வேண்டியிருந்தது. மரத்தை இழைக்கும் வேகத்திற் கல்லை இழைக்க எவரால் இயலும்?

உரோமிலே நீதிபதியின் கூடம் ஆலயமானது போலவே, கண்டியில் மன்னனின் கூடம் ஆலயமாயிற்று. அரசன் வீற்றிருந்த இடத்திற்கு நேரான இடத்தில் பலிபீடம் நிற்கிறது. திறந்த பக்கங்களின் வழியே காற்றும் பறவையொலியும் தடையின்றி உள்ளே வருகின்றன. வண்ணக் கண்ணாடிகள் ஆற்றிய பணியை இங்கே சுவரோவியங்கள் ஆற்றுகின்றன. அக்கல்லூரியிற் கற்பித்த ஓவியர் டேவிட் பெயின்ரர் நான்கு ஓவியங்களைத் தீட்டினார். முதலாவது 1928இல் அமைந்தது. சிலுவைக் காட்சி 1933இல். அதிலுள்ள இயேசுவுக்குத் தாடி இல்லை. மேனாட்டுப் படங்களிற் காணும் வெண்ணிற மேனியும் இல்லை. மற்றோர் ஓவியத்திலே அவர் சீடரின் பாதங்களைக் கழுவுகின்றார். மன்னனின் முன் குடிகள் மண்டியிட்ட மண்டபத்தின் வடிவிலே எழுந்த கோயிலில், குரு தம் சீடர்முன் மண்டியிட்டிருக்கும் ஓவியம் அது.