காணாத உலகைத் தீட்டிய தூரிகை

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. சுவர் இருக்கிறது, வண்ணமும் தூரிகையும் இருக்கின்றன. ஆனால் எழுத வேண்டிய பொருளை எவருமே கண்டதில்லை என்றால் என்ன செய்வது? அன்புத் தோழியரே, இந்தக் கேள்வி என் மனத்தில் எழுந்த கதையை முதலில் கூறிவிட்டுப் பிறகு கட்டுரைக்குச் செல்கிறேன்.

சென்ற ஆண்டு நம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ‘நிலவில் ஒரு நாள்’ என்ற பெரிய படத்தை நான் வரைந்தேன். ஊசி போன்ற மலைகள், ஒரு ராக்கெட், காற்றில் படபடக்கும் கொடி, மேலே அழகிய நீல வானம், அதில் சின்னஞ்சிறு பூமி என்று எல்லாம் இருந்தன. மூன்று நாள் உழைப்பு. படத்தைப் பார்வையிட்ட அறிவியல் ஆசிரியை சிஸ்டர், “ஏம்மா, நிலவில் காற்று உண்டா?” என்று கேட்டார்கள். “இல்லை, சிஸ்டர்” என்றேன். “காற்றில்லாத இடத்தில் கொடி எப்படிப் படபடக்கும்? வானம் எப்படி நீலமாகும்?” என்றார்கள். அருகில் நின்ற தோழியர் சிரித்துவிட்டனர். எனக்கோ கண்ணில் நீர் வந்துவிட்டது. படத்தைக் கிழிக்கப் போனேன். சிஸ்டர் என் கையைப் பிடித்து, “கிழிக்காதே. இதே வேலையைச் செய்த ஒரு பெரிய ஓவியரைப் பற்றிப் படித்துவிட்டு வா” என்று சொன்னார்கள். அப்படிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதாசிரியர்கள் வேற்று உலகங்களைப் பற்றி எழுதுகிறார்கள். திரைப்பட இயக்குநர்கள் அவற்றைத் திரையில் காட்ட விரும்புகிறார்கள். பொறியியல் வல்லுநர்கள் இன்னும் கட்டப்படாத கலத்தை மக்களுக்கு விளக்க விரும்புகிறார்கள். இவர்கள் எல்லோரும் ஓர் ஓவியரைத்தான் நாடிச் செல்கிறார்கள். இல்லாததை இருப்பது போல் வரைந்து தருவதே அவருடைய தொழில். இத்தொழிலில் தலைசிறந்து விளங்கியவர் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த செஸ்லி பான்ஸ்டெல் என்பவர். தற்கால விண்வெளி ஓவியத்தின் தந்தை என்று பலரும் இவரைப் போற்றுகின்றனர்.

இவர் 1888ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். 1905ஆம் ஆண்டில், தம் பதினேழாம் வயதில், ஹாமில்டன் மலை மீது ஏறி, அங்குள்ள லிக் வானாய்வுக் கூடத்திற்குச் சென்றார். அங்கே தொலைநோக்கியின் வழியே நிலவைக் கண்டார். சனிக் கிரகத்தையும் கண்டார். வளையம் சூழ்ந்த அக்கிரகத்தின் அழகு அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்டது. வீடு திரும்பியதும் அதை ஓவியமாகத் தீட்டினார். ஆனால் அந்த ஓவியம் நிலைக்கவில்லை. மறு ஆண்டு, 1906 ஏப்ரல் 18ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோவைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதைத் தொடர்ந்து நகரெங்கும் பரவிய தீயில் அந்த ஓவியமும் எரிந்து போயிற்று. என்னைவிட இரண்டே வயது மூத்தவராக இருந்தபோது வரைந்த படம் அது என்று படித்தபோது, என் படத்தை நானே கிழிக்கப் போனதை எண்ணி வெட்கப்பட்டேன்.

அதன் பின் அவர் சனியை உடனே வரையவில்லை. கட்டடக் கலை பயின்று, பல ஆண்டுகள் கட்டடக் கலைஞர்களிடம் பணியாற்றினார். நியூயார்க் நகரில் விண்ணை முட்டி நிற்கும் கிரைஸ்லர் கட்டடத்தின் முகப்பு வடிவமைப்பில் அவருக்கும் பங்கு உண்டு. 1937ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கோல்டன் கேட் பாலம் எழும்பும் முன்பே, அது எப்படி இருக்கும் என்று மக்களுக்குக் காட்டும் படங்களை வரைந்தார். இல்லாத பாலத்தை இருப்பது போல் வரைந்த அந்தக் கைதான், பின்னாளில் யாரும் போகாத கிரகங்களை வரைந்தது.

ஐம்பதாவது வயதில் அவர் ஹாலிவுட் சென்றார். அக்காலத் திரைப்படங்களில் பெரிய நகரத்தையோ பழைய ஆலயத்தையோ காட்ட வேண்டுமானால், முழுவதையும் கட்ட முடியாது. கீழ்ப்பகுதியை மட்டும் கட்டுவார்கள். மீதியைக் கண்ணாடியிலோ பலகையிலோ ஓவியமாகத் தீட்டி, இரண்டையும் படச்சுருளில் ஒன்றாக இணைப்பார்கள். பார்ப்பவருக்கு எது கட்டடம், எது ஓவியம் என்றே தெரியாது. பாரிஸ் மாநகரின் நோத்ரதாம் பேராலயத்தைச் சுற்றி நடக்கும் கதையை 1939ஆம் ஆண்டில் படமாக்கியபோது, அதற்குப் பான்ஸ்டெல் இத்தகைய ஓவியங்களைத் தீட்டினார். காமிரா எங்கே நிற்கிறது, அதன் பார்வை எத்தனை பாகை விரிகிறது, ஒரு பொருள் அதில் எவ்வளவு பெரியதாகத் தெரியும் என்ற கணக்கெல்லாம் அங்கே அவருக்குக் கைவந்தது.

அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் மீண்டும் சனியிடம் வந்தார். ‘சனிக் கிரகத்தைப் பூமியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி. அதன் துணைக்கோள் ஒன்றில் நின்று பார்த்தால் எப்படி இருக்கும்?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டார். விடையாகத் தீட்டிய ஓவியங்கள் 1944ஆம் ஆண்டு மே மாதம் ‘லைஃப்’ பத்திரிகையில் வெளிவந்தன. கண்டவர் வியந்தனர். வேறோர் உலகத்திற்குப் போய்ப் புகைப்படம் எடுத்து வந்தது போல் அவை இருந்தன.

அந்தக் கணக்கு என்ன என்பதை நாமும் செய்து பார்க்கலாம். கையை நன்றாக நீட்டி, விரல் நுனியில் ஒரு மிளகைப் பிடித்துக்கொண்டு முழு நிலவைப் பாருங்கள். மிளகு நிலவை மறைத்துவிடும். நிலவின் குறுக்களவு ஏறத்தாழ 3,476 கிலோமீட்டர். தொலைவு ஏறத்தாழ 3,84,400 கிலோமீட்டர். அதாவது, தன் அகலத்தைப் போல் 110 மடங்கு தொலைவில் நிலவு இருக்கிறது. ஆகவேதான் நம் கண்ணுக்கு அது ஒரு மிளகளவு.

இனிச் சனியை எடுத்துக்கொள்வோம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 1,20,500 கிலோமீட்டர். டைட்டன் என்னும் துணைக்கோள் அதிலிருந்து ஏறத்தாழ 12,22,000 கிலோமீட்டர் தொலைவில் சுற்றுகிறது. வகுத்துப் பார்த்தால், தன் அகலத்தைப் போல் பத்து மடங்கு தொலைவில்தான் சனி இருக்கிறது. ஆகவே டைட்டனிலிருந்து காணும் சனி, நாம் காணும் நிலவைப் போல் பதினோரு மடங்கு அகலமாக, நீட்டிய கையில் பிடித்த ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு இருக்க வேண்டும். மைமாஸ் என்னும் துணைக்கோளோ இன்னும் அருகில் உள்ளது. அங்கிருந்து பார்த்தால் சனி ஒரு பெரிய தாம்பாளத் தட்டைப் போல் வானத்தை அடைத்து நிற்கும்! அளவு மட்டுமா? டைட்டன் ஏறக்குறைய வளையத்தின் தளத்திலேயே சுற்றுவதால், அங்கிருந்து வளையம் விரிந்து தெரியாது. மெல்லிய ஒரு கோடாகத்தான் தெரியும். பான்ஸ்டெல் அதை அப்படியே கோடாக வரைந்தார். அழகுக்காக வளையத்தை விரித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அது பொய்யாகிவிடும் என்பதால் அவர் அதைச் செய்யவில்லை.

ஒளியும் அப்படியே. சூரியனிலிருந்து நாம் இருக்கும் தொலைவைப் போல் ஒன்பதரை மடங்கு தொலைவில் சனி இருக்கிறது. அங்கே விழும் வெயில் நம் வெயிலில் ஏறத்தாழத் தொண்ணூறில் ஒரு பங்கே. காற்றில்லாத நிலவில் பட்டப்பகலிலும் வானம் கரியதாகவே இருக்கும். ஏனெனில் சூரிய ஒளியில் உள்ள நீலத்தை நாற்புறமும் சிதறடித்து வானத்தை நீலமாக்குவது காற்றுதான். இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டே அவர் வரைந்தார். மலைகளின் சிறு மாதிரிகளைத் தாமே செய்து, அவற்றைப் புகைப்படம் எடுத்து, அதன் துணையுடன் ஓவியம் தீட்டுவதும் உண்டு. கற்பனை என்றால் மனம் போனபடி வரைவது என்று எண்ணியிருந்தேன். பறக்கும் குதிரையை வரைவதானாலும், இறக்கை தோளில் எங்கே பொருந்தும் என்று அறிய, உண்மைக் குதிரையின் எலும்பும் தசையும் தெரிந்திருக்க வேண்டும் அன்றோ?

1949ஆம் ஆண்டில், வில்லி லே என்னும் அறிவியல் எழுத்தாளருடன் சேர்ந்து ‘தி கான்க்வஸ்ட் ஆஃப் ஸ்பேஸ்’ என்ற நூலை வெளியிட்டார். 1950இல் வெளியான ‘டெஸ்டினேஷன் மூன்’ திரைப்படத்திற்கு நிலவின் காட்சியைத் தீட்டித் தந்தார். 1952 முதல் 1954 வரை ‘காலியர்ஸ்’ பத்திரிகையில், ராக்கெட் அறிஞர் வெர்னர் வான் பிரவுன் முதலியோர் எழுதிய விண்வெளிப் பயணக் கட்டுரைகளுக்குப் படம் வரைந்தார். அப்போது வானில் ஒரு செயற்கைக்கோள்கூட ஏவப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்பட்டது 1957 அக்டோபரில்தான். எண்களும் சூத்திரங்களும் பொதுமக்களுக்குப் புரியவில்லை. ஆனால் படத்தைக் கண்டதும், ‘இது நடக்கக்கூடியதே’ என்ற எண்ணம் பிறந்தது.

இனி நான் சொல்லப் போவது என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி. 1957ஆம் ஆண்டில், பாஸ்டன் நகர அறிவியல் அருங்காட்சியகத்தில் 40 அடி நீளமும் 10 அடி உயரமும் கொண்ட நிலவுக் காட்சி ஓவியம் ஒன்றைப் பான்ஸ்டெல் படைத்தார். வானை நோக்கிக் கூர்மையாக எழுந்து நிற்கும் மலைகளை அதில் தீட்டியிருந்தார். அதற்கு நல்ல காரணமும் இருந்தது. நம் பூமியில் மலைகளைத் தேய்ப்பவை மழையும் காற்றும் ஆறும். நிலவில் இவை இல்லை. தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது மலை கூர்மையாகத்தானே இருக்கும்?

1969 ஜூலை 20ஆம் நாள் மனிதன் நிலவில் கால் பதித்தான். அடுத்தடுத்துச் சென்ற விண்வெளி வீரர்கள் கண்ட நிலவு மலைகளோ கூர்மையாக இல்லை. உருண்டு திரண்டு, மழுங்கிக் கிடந்தன. மழை இல்லாவிட்டாலும், மணல் துகளினும் சிறிய விண்கற்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் இடைவிடாமல் விழுந்து விழுந்து அவற்றைத் தேய்த்திருந்தன. 1970ஆம் ஆண்டில் பாஸ்டனில் அந்தப் பெரிய ஓவியம் சுவரிலிருந்து இறக்கப்பட்டது.

டைட்டனும் அப்படியே. பான்ஸ்டெல் அங்கே தெளிந்த நீல வானத்தைத் தீட்டியிருந்தார். 1980ஆம் ஆண்டு வாயேஜர் 1 என்னும் விண்கலம் டைட்டனை நெருங்கியபோது கண்டது, அடர்ந்த ஆரஞ்சு நிறப் புகைமூட்டத்தை. 2005 ஜனவரி 14ஆம் நாள் ஹைகன்ஸ் என்னும் ஆய்வுக்கலம் அதன் தரையிலேயே இறங்கிப் படம் அனுப்பியது. அந்தப் புகைமூட்டத்தினூடே சனியைத் தெளிவாகக் காண வழியில்லை.

அப்படியானால் அவர் உழைப்பு வீணா? இல்லை என்பதே என் கருத்து. சனியின் அளவு, வளையத்தின் கோடு, நிலவின் கரிய வானம் ஆகிய கணக்கிடக்கூடியவற்றில் அவர் தவறவில்லை. அவர் காலத்தில் எவரும் அறியாதவற்றில்தான் தவறினார். அந்தத் தவறு தெரிய வேண்டுமானால் யாராவது அங்கே போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்க்கும் ஆவலைப் பலர் நெஞ்சில் மூட்டியவையோ அவருடைய ஓவியங்களே! தம் படத்தைப் பொய்யாக்கப் போகும் பயணத்திற்குத் தாமே வழி காட்டினார் என்று சொல்லலாம். இறக்கப்பட்ட அந்தச் சுவரோவியத்தையும் எறிந்துவிடவில்லை. வாஷிங்டனில் உள்ள தேசிய விண்வெளி அருங்காட்சியகம் பின்னர் அதை ஏற்றுக்கொண்டது. பான்ஸ்டெல் 1986 ஜூன் மாதம், தம் 98ஆம் வயதில் மறைந்தார். செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பள்ளத்திற்கும், ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

தெரிந்ததில் கவனமின்றித் தவறுவது வேறு. தெரியாததைத் துணிந்து எண்ணிப் பார்த்துத் தவறுவது வேறு. என் நீல வானம் முதல் வகைத் தவறு. காற்று இல்லை என்பது எனக்குப் பாடத்திலேயே இருந்தது. இதை உணர்ந்த பின் சிஸ்டர் மீதிருந்த என் வருத்தம் போய்விட்டது.

இவ்வாண்டுக் கண்காட்சிக்காகப் புதிய படம் ஒன்று வரைந்தேன். கரிய வானம், மழுங்கிய மலைகள், கம்பி வைத்து நிறுத்திய கொடி. பழைய படத்தையும் அதன் பக்கத்திலேயே மாட்டி, ‘இதில் மூன்று பிழைகள் உள்ளன, கண்டுபிடியுங்கள்’ என்று சீட்டு எழுதி ஒட்டினேன். மூன்றையும் பலர் கண்டுபிடித்தனர். ஆனால் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, “அக்கா, பூமி நிலவைவிடப் பெரியதுதானே? அங்கிருந்து பார்த்தால் பெரியதாகத்தானே தெரியும்? ஏன் இவ்வளவு சிறியதாக வரைந்தீர்கள்?” என்று கேட்டாள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாம் காணும் நிலவைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு அகலமாகப் பூமி அங்கே தெரிய வேண்டும். மிளகு அல்ல, ஒரு சிறு நெல்லிக்காய். சீட்டில் ‘மூன்று’ என்பதை அடித்துவிட்டு ‘நான்கு’ என்று எழுதினேன்.