மாநில எல்லையும் வேட்டைத் துவக்கும்

ஐக்கிய அமெரிக்காவில் மாநிலங்கள் ஐம்பது. அவற்றுக்குக் கொடி ஒன்று, நாணயம் ஒன்று, துவக்குச் சட்டமோ ஒன்றன்று. பென்சில்வேனியாவில் வேட்டைத் துவக்கு வாங்குவோருக்குத் தனி அனுமதி அட்டை வேண்டியதில்லை. டெலவெயர் ஆற்றின் மறுகரையிலுள்ள நியூ யேர்சியிலோ, அட்டையின்றி அதை வாங்குதல் இயலாது.

அவ்வாறாயின், மான் வேட்டைக்காகப் பல மாநிலங்களைக் கடப்பவர் என் செய்வார்? அவருக்கென 1986 இல் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துவக்கு வைத்திருத்தலும் கொண்டு செல்லுதலும் சட்டத்துக்கு அமைந்திருத்தல் வேண்டும். துவக்கில் தோட்டா இருத்தலாகாது. இரண்டும் பயணியின் கைக்கு எளிதில் எட்டாதிருத்தல் வேண்டும். மோட்டார் வண்டியில் தனியான பொதியறை இல்லையெனில், பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும்; வண்டியின் முன்புறச் சிற்றறை அதற்கு ஆகாது.

எனினும், இச்சட்டம் காப்பது பயணத்தையே. 2005 இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்ட ஒருவர் நியூ யேர்சியில் தொடர் விமானத்தைத் தவறவிட்டார். கைத்துப்பாக்கி பூட்டியிருந்த பெட்டியுடன் விடுதியில் ஓரிரவு தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் அதனைத் தாமே அறிவித்தபோது கைதாகிச் சிறைப்பட்டார். குற்றச்சாட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. ஆயினும், விடுதியில் பெட்டி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்தமையால் அச்சட்டம் அவரைக் காவாது என 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே, துவக்குடன் செல்பவர் சேருமிடத்துச் சட்டத்தை மட்டும் அறிந்தாற் போதாது. இடைவழியில் இரவு தங்க நேரிடும் ஊரின் சட்டத்தையும் அறிதல் வேண்டும்.