இன்றைக்கு நான்தான் கண்டக்டர்!

"உள்ளே போங்க, உள்ளே போங்க, படியில நிக்காதீங்க!" வரிசையாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவே நான்கு வயதுப் பேத்தி அதட்டுகிறாள். பாட்டியின் கையில் கிழித்த காலண்டர் தாள்; அதுதான் டிக்கெட். நாள் முழுக்கப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கும் பிள்ளைக்கு, அந்தப் பத்து நிமிடம் வண்டியே தன் விசிலுக்குத்தான் நகர்கிறது.

'நான்' முளைக்கும் பருவம்

குழந்தைக்குத் தெரியாமல் நெற்றியில் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்துங்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியை விட்டுவிட்டுத் தங்கள் நெற்றியைத் தடவிப் பார்க்கும். 'அது நான்தான்' என்று புரிந்துவிட்டது. ஏறக்குறைய அதே பருவத்தில்தான் காலி டம்ளரில் பால் குடிப்பதும் பொம்மைக்குச் சோறூட்டுவதும் தொடங்கும். மூன்று, நான்கு வயதில் டாக்டர், டீச்சர், புலி என வேடங்கள் பெருகும். இன்னொருவராக நடிப்பது, அவர் நினைப்பு வேறு, தன் நினைப்பு வேறு என்பது பிள்ளைக்குப் பிடிபட உதவலாம்.

வேடம் துணிவும் தரும். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 4, 6 வயதுக் குழந்தைகளுக்குச் சலிப்பூட்டும் வேலை ஒன்று தரப்பட்டது. தங்களை 'பேட்மேன்' போன்ற நாயகர்களாக நினைத்துக்கொண்டவர்கள் அதில் கூடுதல் நேரம் ஈடுபட்டார்கள்.

பெரியவர்களின் பங்கு

* கொடுத்த வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பயணி என்றால் பயணிதான். "கண்டக்டர் அப்படிப் பேச மாட்டார்" என்று திருத்தாதீர்கள்.
* பழைய துண்டு, அட்டைப்பெட்டி, சொப்புச் சாமான் போதும்.
* பையன் சமைத்தாலோ துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாலோ கேலி செய்யாதீர்கள். அது விளையாட்டு, கேலிதான் மனதில் தங்கும்.
* ஊசி போட்டு வந்த அன்று கரடிப் பொம்மைக்கு ஊசி போட்டால் தடுக்காதீர்கள். பயம் அப்படித்தான் கரையும்.
* விருந்தாளி முன் "இன்னொரு தடவை செஞ்சு காட்டு" என்று கேட்காதீர்கள்.
* விளையாட நேரம் மிஞ்சத் திரையைக் குறையுங்கள். 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எப்போது மருத்துவரிடம் கேட்க வேண்டும்?

இரண்டரை வயதாகியும் இத்தகைய பாவனை விளையாட்டே இல்லை என்றாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை என்றாலோ, பேசிய சொற்கள் நின்றுவிட்டன என்றாலோ குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால், கண்ணுக்குத் தெரியாத தோழனுக்கும் ஓர் இட்லி வைக்கச் சொன்னால் பயம் வேண்டாம். வைத்துவிடுங்கள்.