குறைந்தது வரியா, வரியின் பெயரா?

சிங்கப்பூரில் பல்லாண்டு பணியாற்றித் தாயகம் திரும்புவோரின் வீட்டுப் பொருள்களுக்குச் சுங்கச் சலுகை உண்டு. அவர்கள் ஓட்டிய காருக்கு இல்லை. அதிலும் கார் மூன்றாண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

2025 நிதிநிலை அறிக்கை, பழைய கார்களின் அடிப்படைச் சுங்க வரியை 125 விழுக்காட்டிலிருந்து 70 ஆகக் குறைத்தது. மகிழ்வதற்கு ஏதுமில்லை. முன்பு 125 உடன் சமூக நலக் கூடுதல் கட்டணம் 12.5 சேர்ந்து, மொத்தம் 137.5. இப்போது 70 உடன் வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 67.5 சேர்கிறது, மொத்தம் அதே 137.5 விழுக்காடு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். கப்பல் கட்டணம், காப்பீடு உட்பட 10 லட்சம் ரூபாய் என மதிப்பிடப்படும் பெரிய காருக்குச் சுங்கம் 13.75 லட்சம். இரண்டும் சேர்ந்த 23.75 லட்சத்தின் மீது 40 விழுக்காடு ஜிஎஸ்டி, அதாவது 9.5 லட்சம். ஆக மொத்தம் 33.25 லட்சம். வரிக்கும் வரி!

உள்நாட்டுத் தொழிலைக் காக்க உயர்வரி தேவையா என்பது விவாதத்துக்குரியது. ஆனால், அடிப்படைச் சுங்க வரி மாநிலங்களுடன் பகிரப்பட வேண்டியது. செஸ் முழுவதும் ஒன்றிய அரசுக்கே உரியது. இந்த மாற்றத்தால் காரைக் கொண்டுவருபவரின் சுமை குறையவில்லை. குறைந்தது, மாநிலங்களுக்குப் பங்கு தரவேண்டிய தொகைதான்.