காணும் பொங்கலில் உள்ளான் எண்ணலாம்

ஜனவரியில் கோடியக்கரைக்குப் போகும் குடும்பம், உப்பளங்களை ஒட்டிய சேற்றில் உள்ளான்கள் கூட்டங்கூட்டமாக மேய்வதைப் பார்த்து, "இவற்றுக்கா ஆபத்து?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான். அந்தக் கூட்டத்தில், அலகு கீழ்நோக்கி வளைந்த கர்லூ சாண்ட்பைப்பர் என்ற உள்ளானும் இருக்கும். வடசைபீரியாவின் துந்திரத்தில் குஞ்சு பொரித்துவிட்டுப் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வரும் அதன் எண்ணிக்கை உலகளவில் குறைந்துகொண்டே போவதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024-இல் அதைச் சிவப்புப் பட்டியலின் 'அழிய வாய்ப்புள்ளவை' வகைக்கு மாற்றியது. ஆயிரம் பறவைகள் கண்முன் மேயும்போது குறைவு தெரியாது. போன ஆண்டு இதே இடத்தில் எத்தனை இருந்தன என்ற எண் கையில் இருந்தால்தான் தெரியும். அதனால்தான், பிள்ளைகளுக்குப் பறவையைக் காட்டுவதோடு நிற்காமல் எண்ணவும் பழக்க வேண்டும் என்கிறேன். அதற்குக் கோடியக்கரை வரை போக வேண்டியதில்லை, ஊர்க் கண்மாயே போதும். ஆண்டுதோறும் அதே கரைக்குப் போவதுதான் முக்கியம்.

வாய்ப்பும் கையருகே இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுதும் பொதுமக்கள் பங்கேற்கும் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று, கண்டவற்றையெல்லாம் எண்ணி 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்தால் போதும். சிறுவர்கள் எண்ணியதை எப்படி நம்புவது என்று சிலர் கேட்கலாம். ஒருவர் நாற்பதை முப்பத்தைந்து என்று எழுதுவார், இன்னொருவர் நாற்பத்தாறு என்பார்; பதிவுகள் பெருகப் பெருக இத்தகைய பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். வழக்கத்துக்கு மாறான பதிவுகளை அனுபவசாலிகள் சரிபார்க்கிறார்கள். இனம் புரியாவிட்டால் ஊகிக்காமல் 'ஏதோ ஓர் உள்ளான்' என்றே பதியலாம். அறிவியலில் அதைவிட நல்ல முதல் பாடம் கிடையாது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்களின் சுமார் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டுதான் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. தொலைவிலிருந்து வலசை வரும் கரைப்பறவைகளின் சரிவு அதில் தெளிவாகத் தெரிந்தது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: கூட்டமாகப் போகும் நாமே அவற்றுக்குத் தொல்லையாகிவிட மாட்டோமா? ஆகலாம். வடக்கே திரும்புமுன் இவை கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும்; ஒவ்வொரு முறை வெருண்டு பறக்கும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. ஆகவே ஒலிபெருக்கியும் ட்ரோனும் கூடவே கூடாது. கரையைவிட்டு இறங்காமல், வெயில் முதுகில் படும்படி உட்கார்ந்து பார்ப்பதே முறை. பறவைகள் மேய்ச்சலை நிறுத்தித் தலைதூக்கினால், தேவைக்கு மேல் நெருங்கிவிட்டோம் என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும். இந்த ஒழுங்கோடு ஏப்ரலில் இன்னொரு முறை போனால், ஜனவரியில் சாம்பலாக இருந்த அதே உள்ளான்களில் சில செங்கல் நிறத்துக்கு மாறியிருப்பதைப் பார்க்கலாம். துந்திரத்தில் இணைசேர்வதற்கான கோலம் அது.