மணலியும் மணாலியும்: பனி பார்க்கப் போகிறவர் எந்தக் கரையில் தங்குவது?

எழுத்தில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். நம் வடசென்னைக் காலடிப்பேட்டையிலிருந்து மணலிக்கு ஒரு ஆட்டோ பிடித்தால் போதும். இமாச்சலத்து மணாலிக்கு மெட்ரோ, ரயில், பஸ் என்று மூன்று மாற வேண்டும். "இந்த வருஷம் மணாலி" என்று வீட்டில் முடிவானதும் பிள்ளைகள் பனியைப் பற்றியே பேசுவார்கள், பெரியவர்கள் குளிரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். எங்கே தங்குவது என்பதை மட்டும் யாரோ ஒருவர் செல்போனில், எது மலிவு என்று பார்த்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார். பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். மணாலி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஊட்டியைவிடத் தாழ்வான ஊர்தான் மணாலி. ஆனாலும் ஊட்டியில் விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி படிவதோடு சரி, மணாலியில் வானத்திலிருந்தே பனி கொட்டுகிறது. காரணம், ஊட்டி பூமத்தியரேகைக்கு 11 பாகை வடக்கே இருக்கிறது, மணாலி 32 பாகை வடக்கே இருக்கிறது. அதோடு, குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு மேற்கிலிருந்து காற்றுச் சுழற்சிகள் வருகின்றன. அவை இமயமலையில் மோதும்போது பனி விழுகிறது. நமக்கு நவம்பரில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால்தான் மழை என்பதுபோல, அங்கே சுழற்சி வந்தால்தான் பனி. வராத வாரங்களில், ஜனவரி மாதத்திலும் ஊருக்குள் தரை காய்ந்தே கிடக்கும்.

ஆகவே "மணாலியில் அறை எடுத்துவிட்டோம், ஜன்னலைத் திறந்தால் பனி" என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். பனி நிச்சயமாக வேண்டுமென்றால் ஊரிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் மேலே, ஏறக்குறைய 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் சோலாங் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். பனிச்சறுக்குச் சரிவும் ரோப் காரும் அங்கேதான் இருக்கின்றன. ஊருக்கும் சோலாங்குக்கும் நடுவிலுள்ள இந்த 13 கிலோமீட்டரை எப்படிக் கடக்கப் போகிறோம் என்பதை வைத்துத்தான் தங்குமிடத்தை முடிவு செய்ய வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நாளில் இரண்டு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மணாலியில் சீசன் நாட்களில் அதே கதைதான், லாரிக்குப் பதில் டாக்ஸி. பியாஸ் ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. மேற்குக் கரையில் பிரதான ஊர் இருக்கிறது: மால் ரோடு, அதன் பின்னால் மாடல் டவுன், மேலே தேவதாரு மரங்களுக்கு நடுவே துங்ரி, மணால்சு ஓடையைத் தாண்டினால் பழைய மணாலி. கிழக்குக் கரையில் வசிஷ்ட் கிராமம், அதற்குத் தெற்கே அலேயோ, பிரீணி, ஜகத்சுக், கடைசியில் நக்கர். சோலாங் போகும் நெடுஞ்சாலை ஊரை விட்டதும் பாலம் ஏறிக் கிழக்குக் கரைக்கு வந்து, வசிஷ்ட்டின் அடிவாரம் வழியாக பாஹங், நேரு குண்ட், பல்சான் என்று மேலே ஏறுகிறது. மேற்குக் கரையில் தங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பினால் பாலத்தில் என்ன ஆகும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வெயிலையும் பார்க்க வேண்டும். நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழுகிறது, மறைக்க ஒன்றும் இல்லை. அங்கே இரண்டு பக்கமும் மலைச்சுவர். சூரியன் முகம் காட்டத் தாமதமாகும், சீக்கிரமும் மறைந்துவிடும். மேற்குக் கரைச் சரிவு கிழக்கு நோக்கி இருப்பதால் காலை வெயில் அங்கே முதலில் விழும். கிழக்குக் கரைச் சரிவுக்கு மதியத்துக்கு மேல் வெயில் நின்று காயும். ஜனவரியில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும் வெயிலின் அருமை, மூட்டுவலிக்காரரைக் கேட்டால் தெரியும். பனியில் நனைந்து திரும்பிய சாக்ஸ் காய்வதும் அந்த மாலை வெயிலில்தான்.

வயதானவர்களையும் சின்னக் குழந்தைகளையும் கூட்டிப்போகிறவர்கள் மால் ரோட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குவதே சரி. மால் ரோட்டில் வண்டிகள் ஓடாது, கைப்பிடித்து நிம்மதியாக நடக்கலாம். மருந்துக்கடை, ஏ.டி.எம்., பருப்பும் சோறும் கிடைக்கும் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் பக்கத்திலேயே உண்டு. அரசு மருத்துவமனையும் லேடி வில்லிங்டன் என்ற பழைய மிஷன் மருத்துவமனையும் ஊருக்குள்தான் இருக்கின்றன. சத்தமும் நெரிசலும் இருக்கும்தான், ஆனால் இரவு பதினோரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த நெரிசல்தான் துணை. காலையில் துங்ரிக்கு ஏறிப்போனால் 1553-இல் கட்டப்பட்ட ஹிடிம்பா கோயில், மரத்தால் அடுக்கடுக்கான கூரையோடு நிற்கிறது. நம் கதைகளில் பீமனின் மனைவியாக, கடோத்கஜனின் தாயாக வரும் இடும்பிதான் அங்கே தெய்வம். பாட்டியை அழைத்துப்போய்க் காட்டியே ஆக வேண்டிய இடம்.

பழைய மணாலி இளவட்டங்களுக்கு ஏற்றது. காபிக் கடைகள், ஆப்பிள் தோட்டங்கள், பாட்டுச் சத்தம். சந்து குறுகல், ஏற்றம் செங்குத்து. குடும்பத்தோடு சூட்கேஸ் இழுத்துக்கொண்டு போக நான் சொல்லமாட்டேன்.

எனக்கு மனம் போவது வசிஷ்ட்டுக்குத்தான். ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர். கோயிலை ஒட்டி கந்தக வாசனையோடு வெந்நீர் ஊற்று வருகிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியல் தொட்டிகள் உண்டு. நாள் முழுக்கப் பனியில் விழுந்து எழுந்து வந்த உடம்புக்கு அந்த வெந்நீருக்கு ஈடாக எந்த கெய்சரும் வராது. மாலை வெயில் கிடைக்கிறது, சோலாங் சாலை கீழேயே போகிறது, ஊர்ப் பாலத்தைக் கடக்க வேண்டியதில்லை. குறை ஒன்றே ஒன்று: கிராமம் மலைச்சரிவில் இருப்பதால் பல விடுதிகளுக்கு வண்டி போகாது, படியேறித்தான் போக வேண்டும். பனி விழுந்த மறுநாள் காலையில் அந்தப் படிகள் கண்ணாடி மாதிரி வழுக்கும். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் யோசிக்காமல் அங்கே தங்கலாம். மற்றவர்கள் சாலையை ஒட்டிய விடுதியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

பனிச்சறுக்கை வேடிக்கை பார்க்க அல்லாமல் கற்றுக்கொள்ளவே போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அலேயோ. 1961-இல் தொடங்கப்பட்டு, இப்போது அடல் பிகாரி வாஜ்பாய் பெயரில் இயங்கும் அரசு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. குளிர்காலத்தில் சோலாங் சரிவில் இரண்டு வாரம் போல நடக்கும் அடிப்படைப் பனிச்சறுக்குப் பயிற்சியைக் கொடுக்கிறது. தங்கலும் சாப்பாடும் பயிற்சியிலேயே அடக்கம். ஒரு மணி நேரத்துக்குப் பலகை வாடகைக்கு எடுத்து, கட்டத் தெரியாமல் கட்டி, நான்கு முறை விழுந்துவிட்டுத் திரும்புவதைவிட, கல்லூரி முடித்த பிள்ளைக்கு இது பல மடங்கு மேல்.

சோலாங்கிலேயே தங்கினால் என்ன? காலையில் கண் விழித்ததும் சரிவு எதிரே இருக்கும், நெரிசல் வருவதற்குள் இரண்டு மணி நேரம் விளையாடிவிடலாம். சறுக்குவதுதான் நோக்கம் என்றால் இரண்டு இரவு அங்கே எடுப்பது நியாயமே. ஆனால் பெரும்பனி விழுந்தால் போலீஸ் வண்டிகளை நேரு குண்ட் அருகே நிறுத்திவிடும், நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்புகள் மட்டும் மேலே போகும். கீழே இருப்பவர்களுக்கு அது சின்னத் தொல்லை. மேலே மாட்டிக்கொண்டவர்களுக்கு டெல்லி ரயிலே போய்விடும். சாயங்காலத்துக்கு மேல் மருந்துக்கும் பால் பவுடருக்கும் அலைய வேண்டியிருக்கும்.

பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும். மகர சங்கராந்தி அன்று தங்கள் தேவர்கள் சொர்க்கத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பது கோஷால், புருவா, ஷனாக் முதலிய மேல்பக்கக் கிராமங்களின் நம்பிக்கை. அதிலிருந்து 42 நாள் அங்கே டிவி, பாட்டு, கோயில் மணி எதுவும் ஒலிக்காது. அமைதியை விரும்புகிறவருக்கு அந்த நாட்களில் அங்கே தங்கக் கிடைப்பது பெரிய பேறு. ஸ்பீக்கர் கொண்டுபோகிற கூட்டம் அந்தப் பக்கமே போகக்கூடாது.

பிரீணிக்கு மேலே சேத்தன் என்ற சிறு கிராமம் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி நிறைய, வசதி குறைவு, பாதை வளைந்து வளைந்து ஏறும். பழகியவர்களுக்கு மட்டும். தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் நக்கர், பனிக்காக இல்லாவிட்டாலும் அமைதிக்காகத் தங்கத் தகுந்த ஊர். குலு சால்வை நெய்யும் தறிகளை அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பார்க்கலாம். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றியதால் காலெட் பேட்டையாகி, பிறகு காலடிப்பேட்டையான ஊர் நம்முடையது. தறியைக் கண்டால் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்போது ஆற்றைப் பற்றி. "ரிவர் வியூ" என்று போட்டு அறை வாடகையைக் கூட்டுவார்கள். குளிர்காலத்தில் பியாஸ் அடங்கி ஓடும், பயமில்லை. மழைக்காலம் வேறு. 2023 ஜூலை 9, 10 தேதிகளில் அதே ஆறு பெருகி, குலுவுக்கும் மணாலிக்கும் நடுவே நெடுஞ்சாலையையும் கரையோரக் கட்டடங்களையும் அறுத்துக்கொண்டு போனது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் எண்ணூர், எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் நாம். தண்ணீர் ஏறிவரும் வேகத்தை வேறு யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஆற்றங்கரையில் அறை எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. மே மாதம் போகிறவர்களுக்குச் சோலாங்கில் தங்கத் தேவையே இல்லை, அங்கே அப்போது புல்தான் இருக்கும். 3,978 மீட்டர் உயர ரோதங் கணவாய்க்கு அனுமதி வாங்கிப் போய்ப் பனி பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடலாம்.

பணம் கட்டுவதற்குமுன் விடுதிக்குப் போன் செய்யுங்கள். "மணாலி" என்று போட்டிருக்கும் பல விடுதிகள் குலு சாலையில் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கீழே இருக்கும், ஆகவே எந்தக் கரை, எந்தக் கிராமம் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். வண்டி வாசல்வரை வருமா, எத்தனை படி, அறைக்கு மதிய வெயில் படுமா என்று கேளுங்கள். ஹீட்டருக்குத் தனி வாடகை உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஹீட்டர் ஓடுமா, குழாய் உறைந்தால் வெந்நீர் வாளியில் தருவார்களா என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கதவைச் சாத்தித் தூங்கினால் அதிலிருந்து வரும் நச்சு வாயு வாசனையே இல்லாமல் உயிரை எடுக்கும்.

நான்கு இரவு இருந்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: முதல் இரவு ஊருக்குள், உடம்பு குளிருக்குப் பழக. அடுத்த இரண்டு இரவு வசிஷ்ட்டில், அங்கிருந்து சோலாங் போய்வர. கடைசி இரவு மறுபடி ஊருக்குள், பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில். டெல்லி பஸ் பிடிக்கும் நாளில் பனி விழுந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். டெல்லியில் ரயில் ஏறுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே பஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 540 கிலோமீட்டர் மலைப்பாதையும் சமவெளியும் கலந்த வழி, பன்னிரண்டு மணி நேரம் என்று சொன்னது பதினெட்டானாலும் ஆகும்.