பயர்வால் வழியே கூடுதல் வயரிங்

கார், ஜீப், பிக்கப் போன்ற முன்பக்க எஞ்சின் வாகனங்களில் எஞ்சின் அறையையும் ஆட்கள் அமரும் அறையையும் பிரித்து நிற்கும் இரும்புத் தகட்டுச் சுவர் பயர்வால் எனப்படும். எஞ்சின் பகுதியில் தீப்பிடித்தால் அது உடனே உள்ளே பரவாமல் தடுப்பது இதன் முதல் வேலை. வெப்பம், புகை, மழைநீர், இரைச்சல் ஆகியவற்றையும் இதுவே தடுக்கிறது. பனி விளக்கு, கூடுதல் ஹாரன், ஆம்ப்ளிஃபையர், இருப்பிடம் காட்டும் கருவி என எதைப் பின்னர் பொருத்தினாலும், பேட்டரி ஒரு புறமும் சுவிட்ச் மறுபுறமும் இருப்பதால், வயர் இந்தச் சுவரைக் கடந்தே ஆக வேண்டும்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இந்த ஒரு துளைக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகியவை கடலை ஒட்டிய ஊர்கள். உப்புக் காற்று தாமிரக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏற்றும். பெயின்ட் உரிந்த தகட்டில் துரு வைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. 2015ஆம் ஆண்டின் பெருமழையில் கடலூர் மாவட்டம் வெள்ளக்காடானது. சரியாக மூடாத துளை வழியாக நீர் டேஷ்போர்டின் பின்புறம் இறங்கினால் கார்பெட் நனைவதோடு முடியாது. ஃபியூஸ் பெட்டியும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன. நெல்வயல் சூழ்ந்த சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் எலித் தொல்லை வேறு. விரல் நுழையும் அளவுக்குத் துளை இருந்தால் எலிக்குஞ்சு உள்ளே வந்துவிடும்.

புதிதாகத் துளையிடுவதற்கு முன், ஏற்கெனவே இருக்கும் வழியைத் தேட வேண்டும். கம்பெனி வயர்க்கட்டு நுழையும் இடத்தில் பெரிய ரப்பர் குரோமெட் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சிறு துளையிட்டு ஒரு வயரை நுழைக்கலாம். இடப்புற ஸ்டியரிங் நாடுகளுக்கும் தயாராகும் பல மாடல்களில், நம் நாட்டில் பயன்படாத துளைகள் ரப்பர் மூடியால் அடைக்கப்பட்டிருக்கும். அவை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. குடைக் கம்பி போன்ற விறைப்பான கம்பியின் முனையை டேப்பால் சுற்றி மழுக்கி, அதில் வயரைக் கட்டி மெதுவாகத் தள்ளுவது பழைய முறை. இன்றும் அதுவே எளிது. முனையைக் கூராக விட்டால் உள்ளிருக்கும் வயர்க்கட்டையே அது குத்திவிடும்.

துளையிட்டே தீர வேண்டுமென்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். பிறகு சுவரின் இரு புறமும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏசியின் குளிர்விப்பான் உள்ளே ஒட்டினாற்போல் இருக்கலாம். ஓட்டுநர் பக்கம் பிரேக் பூஸ்டரும் ஸ்டியரிங் தண்டும் உள்ளதால் அந்தப் பகுதியைத் தவிர்ப்பதே நல்லது. துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்து, பிரைமர் பூசி உலர்ந்தபின்தான் குரோமெட்டைப் பொருத்த வேண்டும். கடற்கரை ஊரில் பிரைமரை விட்டுவிட்டால் துரு விளிம்பைத் தின்று, ரப்பர் தளர்ந்துவிடும்.

குரோமெட் இல்லாமல் வெறும் தகட்டின் வழியே வயரை இழுப்பதுதான் இதில் மிகப் பெரிய ஆபத்து. எஞ்சின் அதிரும்போதெல்லாம் தகட்டின் விளிம்பு வயரின் உறையை அறுக்கும். அன்றே ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில் நன்றாகவே ஓடும். ஒருநாள் தாமிரம் தகட்டைத் தொடும். வண்டியின் உடல் முழுவதும் நெகட்டிவ் என்பதால் அது நேரடி ஷார்ட். கார் பேட்டரி அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரவல்லது. வயர் பழுத்துச் சிவந்து உறை எரியும். தீயைத் தடுக்க வைத்த சுவரிலேயே தீ தொடங்கும். இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிவிட்டால் போதும் என்பார்கள். போதாது. எஞ்சின் சூட்டில் அதன் பசை இளகிப் பிரிந்துவிடும்.

இதனால்தான் ஃபியூஸைச் சுவிட்சுக்குப் பக்கத்தில் அல்ல, பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. உள்ளே டேஷ்போர்டில் ஃபியூஸ் இருந்தால், பயர்வாலில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது உருகப் போவதில்லை.

எவ்வளவு மின்னோட்டம் சுவரைக் கடக்கிறது என்பதும் முக்கியம். 55 வாட் பனி விளக்குகள் இரண்டு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதை 0.5 சதுர மி.மீ. வயரில் மொத்தம் 4 மீட்டர் கொண்டுசென்றால் ஒன்றேகால் வோல்ட் வழியிலேயே வீணாகும்; விளக்கு நன்றாக மங்கும், வயரும் சூடேறும். 2.5 சதுர மி.மீ. வயரில் இழப்பு கால் வோல்ட்தான். இதைவிட நல்ல வழி ரிலே. ரிலேயை எஞ்சின் அறையிலேயே வைத்துவிட்டால் கனமான வயர் உள்ளே வரவே வேண்டாம். ரிலேயின் 85, 86 முனைகளை இயக்கும் மெல்லிய வயர் மட்டும் சுவரைக் கடக்கும். பெரும் மின்னோட்டம் 30, 87 முனைகள் வழியே வெளியிலேயே ஓடும். ஆம்ப்ளிஃபையருக்கு இந்த வசதி இல்லை. அதற்குத் தடித்த வயர் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

வயர் நுழைந்தபின் இடைவெளியை சிலிகான் பசையால் அடைப்பார்கள். புளிக்காடி வாடை வீசும் வகையில் அசிட்டிக் அமிலம் வெளிவரும். அது தாமிரத்தை அரிக்கும். வாடையற்ற நியூட்ரல் வகையே ஏற்றது. துளைக்கு முன் வயரைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால், வயரோடு வழியும் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். காசில்லாத இந்தச் சிறு வேலையைச் செய்பவர்கள் குறைவு. உள்ளே வந்த வயர் பெடல்களில் சிக்காமல் கட்டப்பட வேண்டும். மஞ்சள் உறையிட்ட வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் கை வைக்கக் கூடாது.

எதைப் பொருத்தலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அடுத்தடுத்துப் பல ஒலிகள் எழுப்பும் ஹாரனை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அனுமதிப்பதில்லை.

டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற சிறு சரக்கு வண்டிகளில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் வயர் பெரும்பாலும் தரை வழியாக ஏறுகிறது. சக்கரம் வாரியடிக்கும் சேறும் நீரும் அங்கே நேராகப் படும். கேபின் முன்பக்கம் சாயும் பெரிய லாரிகளில் இன்னொரு சிக்கல்: கேபினைத் தூக்கும்போது வயர் இழுபடாதபடி கீல் பக்கமாகக் கொண்டுவந்து, வளைவதற்குத் தாராளமாக நீளம் விட வேண்டும்.